நரம்பில் எடை கட்டிய இசைக்காரர்

பழவேற்காட்டுக் குட்டி விஞ்ஞானியே, வா, பக்கத்தில் உட்கார்.

உன் வீட்டு வாசலில் வலை காய்கிறது. மேல் கயிற்றில் தக்கை. கீழ்க் கயிற்றில் ஈயம். ஓரமாகத் தூண்டில் நரம்பு சுருட்டி வைத்திருக்கிறது. அப்பாவைக் கேட்டுவிட்டு அதில் இரண்டு முழம் எடுத்துக்கொள். கேட்காமல் எடுத்தால் அடி உனக்குத்தான், எனக்கு இல்லை.

ஒரு நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டு. மறுநுனியை ஒரு கையால் இழுத்துப் பிடி. இன்னொரு கையால் நரம்பைச் சுண்டு. 'டொய்ங்' என்றதா? இன்னும் கொஞ்சம் இழுத்துச் சுண்டு. 'டிங்'! இழுக்க இழுக்கச் சுருதி ஏறுகிறது.

இது உனக்கு முன்பே தெரியும் என்கிறாய். பேஷ்! கரையில் பிறந்த பிள்ளைக்குத் தெரியாதா என்ன? ஆனால் இப்போது நான் ஒரு கேள்வி கேட்கிறேன். எவ்வளவு இழுத்தால் எவ்வளவு ஏறும்? இரண்டு மடங்கு பலமாக இழுத்தால் சுருதியும் இரண்டு மடங்கு ஏறுமா?

"ஆமாம்" என்று சொல்ல வாய் வருகிறதா? சொல்லிவிடாதே. பெரிய பெரிய படிப்பாளிகள் எல்லாம் ஆயிரம் வருஷத்துக்கு மேல் "ஆமாம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது தப்பு. அந்தத் தப்பைக் கண்டுபிடித்தவர் விஞ்ஞானி அல்ல. இத்தாலியைச் சேர்ந்த ஒரு சங்கீதக்காரர். அவர் பெயர் வின்சென்சோ கலிலி.

கலிலி என்றதும் உன் புருவம் ஏறுகிறதே! ஆமாம், நீ நினைப்பது சரி. தொலைநோக்கியால் வியாழன் கோளின் நிலவுகளைப் பார்த்தாரே கலிலியோ, அவருடைய அப்பாதான் இவர். ஆனால் இன்றைக்கு மகன் கதை இல்லை. மகனைப் பற்றி எல்லாருமே எழுதுகிறார்கள். அப்பாவை யாரும் கண்டுகொள்வதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

வின்சென்சோ 1520-ஐ ஒட்டிப் பிறந்தார். ஊர் சாந்தா மரியா அ மோந்தே. பிளாரன்ஸ் நகரம் இருக்கும் அதே தஸ்கனிப் பகுதிதான். உன் ஊர்க் கோட்டையை டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டினார்கள் அல்லவா? அதற்கு 22 ஆண்டுகள் முன்பே இவர் காலமாகிவிட்டார். அவ்வளவு பழைய காலத்து ஆள்.

அவர் வாசித்த கருவிக்கு லூட் என்று பெயர். முதுகு உருண்டையாக இருக்கும். முகம் தட்டையாக இருக்கும். வீணை மாதிரியே விரலால் மீட்டி வாசிப்பார்கள். அந்தக் காலத்தில் நைலான் ஏது? ஆட்டுக் குடலை முறுக்கிக் காயவைத்துத்தான் லூட்டுக்கு நரம்பு செய்தார்கள். மழைக்காலத்தில் அது ஈரம் குடித்துச் சுருதி கலைந்துபோகும். வாசிக்கும் நேரத்தைவிடச் சுருதி சேர்க்கும் நேரம் அதிகம் என்று லூட் வித்வான்களைக் கேலி செய்வார்களாம்.

வின்சென்சோ நன்றாக வாசித்தார். ஜொவான்னி பார்தி என்ற பிரபு அதைக் கேட்டார். "இவர் இன்னும் படிக்க வேண்டும்" என்று பண உதவி செய்தார். அந்த உதவியால் வின்சென்சோ வெனிஸ் நகரத்துக்குப் போனார்.

வெனிஸ் எப்படிப்பட்ட ஊர் தெரியுமா? உனக்குச் சொன்னால் உடனே புரியும். கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே ஒரு காயல். காயலுக்கும் கடலுக்கும் நடுவே நீளமான மணல் திட்டு. உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்கும் முகத்துவாரம். உன் ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா படுத்திருக்கிறதே, அந்த மாதிரி. வின்சென்சோவுக்கு அங்கே பாடம் சொன்ன குரு ஜொசெஃபோ சார்லினோ. அவர் பிறந்தது கியோஜா. அதே காயல் கரையில் இருக்கும் மீன்பிடி ஊர். இன்றும் அங்கே படகுகள் மீனோடு வந்து நிற்கின்றன. பார்த்தாயா, உன்னைப் போலக் காயல் கரையில் பிறந்த ஒருவர்தான் அன்றைய ஐரோப்பாவின் மிகப் பெரிய இசை ஆசிரியர்!

சார்லினோவுக்கு எண்கள் மேல் அலாதிப் பிரியம். இனிமையான சுரங்கள் எல்லாம் 1 முதல் 6 வரையான எண்களுக்குள் அடங்கிவிடும் என்று அவர் பாடம் நடத்தினார். எண் சரியாக இருந்தால் இசை சரியாக இருக்கும் என்பது அவர் கட்சி. சீடர் கேட்டுக்கொண்டார். படித்துக்கொண்டார். ஊருக்குத் திரும்பினார்.

இதற்கிடையே, 1562-இல் கல்யாணம். 1564-இல் பைசா நகரத்தில் மூத்த மகன் கலிலியோ பிறந்தான். 1568-இல் முதல் பெரிய புத்தகம் வந்தது. பெயர் 'ஃப்ரோனிமோ'. பலர் சேர்ந்து பாடும் பாட்டை ஒரே ஒரு லூட்டில் எப்படி வாசிப்பது என்று சொல்லித்தரும் புத்தகம். பிறகு குடும்பம் பிளாரன்ஸுக்குக் குடிபோனது. அங்கே பார்தி பிரபுவின் வீட்டில் சங்கீதக்காரர்களும் கவிஞர்களும் கூடிப் பேசுவார்கள். "ஒரே நேரத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பாடினால் பாட்டின் வார்த்தை யாருக்குக் கேட்கிறது? ஒருவர் பாடட்டும், ஒரு லூட் கூடவே போகட்டும்" என்று வின்சென்சோ வாதாடினார். சும்மா வாதாடவில்லை, தானே அப்படிப் பாட்டு அமைத்துப் பாடியும் காட்டினார். இத்தாலியில் ஆப்பரா என்ற இசை நாடகம் பிறந்ததற்கு இந்தக் கூட்டத்தின் பேச்சும் ஒரு காரணம் என்பார்கள். அது பெரிய கதை. நமக்கு நரம்புதான் முக்கியம், அங்கே போவோம்.

களைப்பாக இருக்கிறதா? ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வா. இனிமேல்தான் வேடிக்கை.

பித்தாகரஸ் என்ற கிரேக்க அறிஞரின் பெயரைக் கணக்குப் புத்தகத்தில் பார்த்திருப்பாய். இன்னும் பார்க்கவில்லையென்றால் சீக்கிரமே பார்ப்பாய். அவரைப் பற்றி ஒரு கதை உலவியது. அவர் ஒரு கொல்லன் பட்டறையைக் கடந்து போனாராம். உள்ளே சுத்தியல்கள் அடிக்கும் சத்தம் இனிமையாகச் சேர்ந்து ஒலித்ததாம். சுத்தியல்களை நிறுத்துப் பார்த்தாராம். எடைகள் 12, 9, 8, 6 என்று இருந்தனவாம். வீட்டுக்கு வந்து அதே எடைகளை நரம்புகளில் கட்டித் தொங்கவிட்டாராம். அதே இனிமை வந்ததாம். 12 எடை கட்டிய நரம்பு மேல் ச, 6 எடை கட்டிய நரம்பு கீழ் ச.

12 என்பது 6-இன் இரண்டு மடங்கு. ஆகவே எடையை இரண்டு மடங்காக்கினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். என்ன அழகான கதை! புத்தகத்துக்குப் புத்தகம் இதை எழுதினார்கள். ஆசிரியர் சொன்னார், மாணவன் எழுதிக்கொண்டான். அந்த மாணவன் ஆசிரியரானதும் அதையே சொன்னான்.

ஸ்தாயி என்றால் தெரியும்தானே? ச ரி க ம ப த நி பாடி முடித்து மறுபடியும் ஒரு ச வருகிறதே, அந்த மேல் ச வரைக்கும் ஒரு ஸ்தாயி. கீழ் ச பாடும்போது ஒரு வினாடியில் காற்று 100 முறை அதிர்ந்தால், மேல் ச பாடும்போது 200 முறை அதிரும். சரியாக இரண்டு மடங்கு. இதை மட்டும் நன்றாக மனத்தில் வைத்துக்கொள்.

இப்போது சொல். இத்தனை நூற்றாண்டில் எத்தனை பேர் நிஜமாகவே ஒரு நரம்பில் 6 எடையும் இன்னொரு நரம்பில் 12 எடையும் கட்டிப் பார்த்திருப்பார்கள்? கட்டிப் பார்த்திருந்தால் ஒரு நிமிஷத்தில் கதை கந்தலாகியிருக்கும். எனக்குப் பித்தாகரஸ் மேல் கோபம் இல்லை. அவர் எழுதிய ஒரு வரிகூட நம் கைக்கு வந்து சேரவில்லை. பாவம், பிற்காலத்தார் அவர் தலையில் கட்டிய கதையாகவும் இருக்கலாம்.

வின்சென்சோ கட்டிப் பார்த்தார். லூட் வாசிப்பவர் அல்லவா? தினமும் முறுக்காணியைத் திருப்பி நரம்பை இறுக்குகிறவர். எவ்வளவு இறுக்கினால் எவ்வளவு ஏறும் என்று அவர் விரலுக்குத் தெரியும். எடையை இரண்டு மடங்காக்கினார். மேல் ச வரவில்லை! மூன்று மடங்கு. அப்போதும் வரவில்லை. நான்கு மடங்கு ஆனபோதுதான் மேல் ச வந்தது.

இரண்டு இல்லை, நான்கு.

1589-இல் ஒரு புத்தகத்தில் இதை எழுதினார். தானும் பழைய கதையை நம்பிக்கொண்டுதான் இருந்ததாகவும், சோதித்த பிறகே உண்மை தெரிந்ததாகவும் அதில் ஒளிக்காமல் சொன்னார். நரம்பின் நீளத்தில் பார்த்தால் 2, கட்டும் எடையில் பார்த்தால் 4, ஊதும் குழலின் கொள்ளளவில் பார்த்தால் 8 என்று மூன்று எண்களையும் அடுக்கினார். 'ஸ்தாயி என்றால் 2' என்று ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்காதே, எதை அளக்கிறாய் என்று பார் என்பது அதன் பொருள்.

அந்தப் புத்தகம் யாருக்குப் பதிலாக எழுதியது தெரியுமா? தன் குரு சார்லினோவுக்கு! சீடர் 1581-இல் ஒரு புத்தகத்தில் குருவின் கருத்துகளை மறுத்தார். 1588-இல் குரு பதில் எழுதினார். அடுத்த வருஷமே சீடர் பதிலுக்குப் பதில் எழுதினார். கொஞ்சம் காரமாகவே எழுதினார் என்றுதான் சொல்ல வேண்டும். குருவிடம் நீ அப்படிப் பேசாதே. ஆனால் "சார், நான் செய்து பார்த்தேன், வேறு மாதிரி வருகிறதே" என்று சொல்லலாம். நல்ல வாத்தியார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "எங்கே, காட்டு" என்பார்.

நாமும் செய்து பார்ப்போமா? உன் ஊரில் எல்லாச் சாமானும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

அரை மில்லிமீட்டர் தடிமன் உள்ள தூண்டில் நரம்பு எடுத்துக்கொள். ஒரு மர பெஞ்சின் ஒரு கோடியில் ஆணி அடிக்க வேண்டும். அதைப் பெரியவர் யாராவது அடிக்கட்டும். நரம்பின் ஒரு நுனியை ஆணியில் கட்டு. நரம்பை பெஞ்சின் நீளத்துக்கு ஓட்டி, மறுகோடியில் கீழே தொங்கவிடு. தொங்கும் நுனியில் தண்ணீர் பாட்டிலைக் கட்டு. விளிம்பில் நரம்புக்கு அடியில் ஒரு வழவழப்பான பேனாவை வை. இல்லையென்றால் மரம் நரம்பைப் பிடித்துக்கொள்ளும், பாட்டிலின் எடை முழுசாக நரம்புக்கு வராது.

இப்போது நரம்புக்கு அடியில் இரண்டு பென்சில் துண்டுகளை நிறுத்து. இரண்டுக்கும் நடுவே 60 சென்டிமீட்டர். அந்த 60 சென்டிமீட்டர்தான் உன் வீணை.

பாட்டிலில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்று. அரை லிட்டர் தண்ணீரின் எடை அரைக் கிலோ. தராசே வேண்டாம்! நீ நரம்பைச் சுண்டு. உன் தங்கை பெஞ்சின் நடுப்பக்கம் காதை வைத்துக் கேட்கட்டும். முகத்தை மட்டும் நரம்பின் நேருக்கு நேர் கொண்டுபோகக் கூடாது. அறுந்தால் கண்ணில் அடிக்கும்.

கேட்டதா? அதுதான் உன் கீழ் ச. அந்த நரம்பு வினாடிக்கு ஏறக்குறைய 125 முறை அதிர்கிறது.

அடுத்து, மேல் ச எப்படி இருக்கும் என்று முதலில் தெரிந்துகொள்வோம். ஒரு பென்சில் துண்டை நகர்த்தி நீளத்தை 30 சென்டிமீட்டராக்கிச் சுண்டு. பாதி நீளம், இரண்டு மடங்கு அதிர்வு. பாதி நீளத்துக்கு மேல் ச வரும் என்பது பழங்காலத்திலேயே தெரிந்திருந்த உண்மை. இந்த மேல் ச-வைப் பாடிப் பாடி மனத்தில் பதித்துக்கொள்.

பென்சிலைப் பழைய இடத்துக்குக் கொண்டுவா. மறுபடி 60 சென்டிமீட்டர். இப்போது ஒரு லிட்டர் தண்ணீர். எடை இரண்டு மடங்கு. சுண்டு.

என்ன, முகம் சுளிக்கிறாய்? மேல் ச இல்லைதானே? ப-கூட இல்லை. ப-வுக்குச் சற்றே கீழே நின்று இழுக்கிறது. பாட்டு வகுப்புக்குப் போகும் அக்கா யாராவது இருந்தால் கேட்டுப் பார். பிரதி மத்யமம் என்பாள். ச-வோடு சேர்த்து மீட்டினால் அமைதியாக உட்காராத சுரம். படிப்பாளிகள் "இனிமை" என்று எழுதிவைத்த இடத்தில் இருந்தது இந்தச் சுரம்தான்! ஒருவர் காதும் அதைக் கேட்கவில்லை, ஏனென்றால் ஒருவர் கையும் அதைக் கட்டவில்லை.

இன்னும் 125 மில்லி ஊற்று. சின்ன டம்ளரில் ஒன்று. சுண்டு. ஆஹா, ப வந்துவிட்டது! இப்போது நல்ல பெரிய பாட்டிலாக எடுத்து இரண்டு லிட்டர் ஊற்று. பாட்டில் கால்மேல் விழாமல் பார்த்துக்கொள். சுண்டு.

மேல் ச! அரை லிட்டருக்குக் கீழ் ச, இரண்டு லிட்டருக்கு மேல் ச. நான்கு மடங்கு. வின்சென்சோ சொன்னது உன் பெஞ்சின்மேல் வந்துவிட்டது.

உன் நரம்பு கொஞ்சம் தடிமனாகவோ மெல்லியதாகவோ இருந்தால் நான் சொன்ன 125 என்ற எண் மாறும். நான்கு மடங்கு மாறாது.

ஒரு வேண்டுகோள். சோதனை முடிந்ததும் நரம்பைச் சுருட்டிப் பத்திரமாக வை. கரையில் போட்டுவிட்டு வராதே. ஏரிக்கு வரும் பூநாரைக்கு எவ்வளவு நீளக் கால் பார்த்திருக்கிறாய் அல்லவா? நைலான் அதில் சுற்றிக்கொண்டால் அவிழ்க்க அதற்குக் கை இல்லை.

சரி, ஏன் நான்கு? ஏன் இரண்டு போதவில்லை? நல்ல பிள்ளைகள் இங்கேதான் நின்று கேட்பார்கள். நீயும் நின்றுவிட்டாய் பார், சபாஷ்.

பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு வேப்பமரம் என்று வைத்துக்கொள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடுகிறாய். நிற்கிறாய். திரும்பி ஓடி வருகிறாய். மணி அடிப்பதற்குள் இப்படி 10 முறை போய்வந்தாய். மறுநாள் வாத்தியார், "அதே நேரத்துக்குள் 20 முறை போய்வா" என்கிறார். மரங்கள் நகரவில்லை, தூரம் அதேதான். அப்படியானால் நீ இரண்டு மடங்கு வேகமாக ஓட வேண்டும். இதுவரை சரியா?

ஆனால் அது மட்டும் போதாது. அந்த இரண்டு மடங்கு வேகத்தைப் பிடிக்க உனக்குக் கிடைக்கும் நேரம் முன்பு கிடைத்ததில் பாதி. ஒரு மரத்திலிருந்து மற்றதற்குப் போகும் நேரமே பாதியாகிவிட்டதே! இரண்டு மடங்கு வேகத்தைப் பாதி நேரத்தில் எட்ட வேண்டும். அப்படியானால் கால் தரையை எவ்வளவு பலமாக உதைக்க வேண்டும்? வேகம் இரண்டு மடங்கானதற்கு ஒரு இரண்டு. நேரம் பாதியானதற்கு இன்னொரு இரண்டு. இரண்டும் இரண்டும் பெருக்கினால் நான்கு.

நரம்பும் அப்படித்தான் இந்தப் பக்கம் போய், நின்று, அந்தப் பக்கம் திரும்புகிறது. அதை உதைத்துத் திருப்பி அனுப்புவது இழுவிசை. பாட்டில் எவ்வளவு கனமோ அவ்வளவு இழுவிசை. அதிர்வு இரண்டு மடங்காக வேண்டுமென்றால் இழுவிசை நான்கு மடங்கு. அதிர்வு மூன்று மடங்காக வேண்டுமென்றால்? விரலை மடக்கிப் பார். ஒன்பது!

புரியவில்லையென்றால் வெட்கப்படாதே. மேலே உள்ள மூன்று பத்திகளை இன்னொரு முறை படி. முடிந்தால் இரண்டு மரங்களுக்கு நடுவே ஓடிப் பார்த்துவிட்டுப் படி. காலே சொல்லித்தரும்.

வின்சென்சோ இந்தச் சோதனைகளைச் செய்த காலத்தில் வீட்டில் ஒரு வாலிபன் இருந்தான். டாக்டராகட்டும் என்று அப்பா பைசா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவைத்தார். பையன் கணக்கில் மயங்கிப்போய், 1585-இல் பட்டம் வாங்காமலேயே பிளாரன்ஸுக்குத் திரும்பிவிட்டான். அவன்தான் கலிலியோ. அவனும் நன்றாக லூட் வாசிப்பான். அப்பா நரம்பில் எடை கட்டியபோது மகனும் கூட இருந்து உதவியிருப்பான் என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் நினைக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நம் வீட்டில் அப்பா வலை பின்னும்போது நாம் நூல் எடுத்துக் கொடுப்பதில்லையா என்ன?

பின்னாளில் கலிலியோ சாய்ந்த பலகையில் உருண்டையை உருட்டி, அது எப்படி வேகம் எடுக்கிறது என்று அளந்தார். வினாடி முள் உள்ள கடிகாரம் கையில் இல்லாத காலம் அது. எப்படி நேரத்தை அளந்தார்? ஸ்டில்மன் டிரேக் என்ற ஆய்வாளர் ஒரு யோசனை சொன்னார். லூட்டின் கழுத்தில் கட்டுவது போலப் பலகையின் குறுக்கே நரம்புகளைக் கட்டியிருக்கலாம். உருண்டை ஒவ்வொரு நரம்பையும் தாண்டும்போது 'டக்' என்று கேட்கும். 'டக்' 'டக்' என்பது ஒரே தாளத்தில் விழும்வரை நரம்புகளை நகர்த்தியிருக்கலாம். தாளம் தப்பினால் பாடகர் காதுக்கு உடனே தெரியுமே! நிஜமாக அப்படித்தான் செய்தார் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் சங்கீத வீட்டுப் பிள்ளைக்குத் தோன்றக்கூடிய வழிதான்.

வின்சென்சோ 1591-இல் பிளாரன்ஸில் காலமானார். கடைசிவரை பெரிய பணக்காரர் ஆகவில்லை. இன்னொரு மகன் மிகெலாஞோலோ அப்பாவைப் போலவே லூட் வித்வான் ஆனான். குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு 27 வயது கலிலியோவின் தோளில் விழுந்தது.

கலிலியோ தன் முதுமையில் எழுதிய கடைசிப் பெரிய புத்தகத்தில் நரம்பைப் பற்றியும் பேசினார். நீளம், இழுவிசை, தடிமன் மூன்றும் சுருதியை எப்படி மாற்றுகின்றன என்று விளக்கினார். அப்பாவின் நான்கு மடங்கு அதில் இருக்கிறது. அப்போது அவர் வீட்டுக் காவலில் இருந்தார். இத்தாலியில் அச்சிட முடியவில்லை. கையெழுத்துப் பிரதி நாட்டைவிட்டு வெளியே போய், 1638-இல் லைடன் நகரத்தில் புத்தகமாயிற்று. லைடன் எந்த நாட்டில் இருக்கிறது? நெதர்லாந்தில். அதாவது டச்சுக்காரர்களின் நாட்டில். அதே சமயத்தில் சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடம் எது? உன் பழவேற்காடு! புத்தகம் உன் ஊருக்கு வந்தது என்று நான் சொல்லவரவில்லை. உன் ஊரில் துணி வாங்கி ஏற்றிய அந்த நாட்டிலேயே அது அச்சானது என்று மட்டும் சொல்கிறேன்.

இத்தாலிக்காரர் நரம்பு நமக்கு எதற்கு என்று யாராவது கேட்டால், உன் ஊரிலிருந்து தெற்கே கையைக் காட்டு. எண்ணூரைத் தாண்டினால் மணலி. இன்றைக்கு அங்கே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே சங்கீதம் இருந்தது. மணலி முதலியார் குடும்பத்தின் ஆதரவில் ராமசுவாமி தீட்சிதர் குடும்பம் அங்கே தங்கியிருந்தது. அவருடைய பிள்ளைகளில் ஒருவர் முத்துசுவாமி தீட்சிதர். அவருக்குத் தம்பி பாலுசுவாமி தீட்சிதர். 1786-இல் பிறந்தவர். சென்னைக் கோட்டையில் ஐரோப்பியர்களின் பேண்டு வாத்தியம் ஒலித்த காலம். பாலுசுவாமி ஒரு ஐரோப்பியரிடம் வயலின் கற்றுக்கொண்டார். அதில் நம் ராகங்களை வாசிக்கத் தொடங்கினார். பிறகு எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக இருந்தார்.

வயலினுக்கு இன்றைய வடிவம் கிடைத்தது எங்கே? இத்தாலியில்தான். வின்சென்சோ வாழ்ந்த அதே 16-ஆம் நூற்றாண்டில், கிரெமோனா என்ற ஊரில் அந்திரேயா அமாட்டி என்ற தச்சுக் கலைஞர் செய்த வயலின்களில் சில இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. இத்தாலியில் பிறந்த பெட்டி, மணலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. மேல்நாட்டார் சுருதி சேர்க்கும் விதத்தை விட்டுவிட்டு, ச-ப-ச-ப என்று நம் வழக்கத்தில் சுருதி சேர்த்துக்கொண்டது. இன்றைக்குக் கச்சேரிகளில் பாடகருக்குப் பக்கத்தில் அது இல்லாமல் ஆவதில்லை.

அடுத்த முறை கோயில் திருவிழாவில் வயலின் கச்சேரி நடந்தால் முன்வரிசையில் போய் உட்கார். கச்சேரி தொடங்கும் முன்பு வித்வான் பிருடையை, அதாவது முறுக்காணியை, திருகுவார். அங்கேயே கவனி. நான்கு தந்திகளும் ஒரே நீளம். ஆனால் ஒன்று தடிமன், ஒன்று மெல்லியது. தடிமனானது கனம் அதிகம், சோம்பேறித்தனமாக ஆடும், அதனால் கீழ் ச. உன் தூண்டில் நரம்பிலும் இதைச் சோதிக்கலாம். ஒரு மில்லிமீட்டர் நரம்பும் அரை மில்லிமீட்டர் நரம்பும் எடுத்துக்கொள். இரண்டிலும் ஒரே எடை தொங்கவிடு. தடிமன் இரண்டு மடங்கு என்றால் அதே நீளத்துக்குக் கனம் எத்தனை மடங்கு? மறுபடியும் நான்கு! அதனால் தடித்த நரம்பு சரியாக ஒரு ஸ்தாயி கீழே பாடும். பிருடை செய்வது எடையின் வேலை. வித்வானின் இடக்கை விரல் செய்வது பென்சில் துண்டின் வேலை. மூன்றையும் நீ பெஞ்சிலேயே பார்த்துவிட்டாய்.

முடிக்கும் முன்பு ஒரு கணக்கு. உன்னால் முடியும், பயப்படாதே.

அரை லிட்டருக்கு ச. ப-வுக்கு ஒன்றேகால் லிட்டர்கூட ஆகவில்லை, 1,125 மில்லிதான். அது எப்படி வந்தது? ச 2 முறை அதிரும் நேரத்தில் ப 3 முறை அதிரும். இரண்டையும் தன்னாலேயே பெருக்கினால் 4, 9. ஆகவே எடை 4-க்கு 9. அரை லிட்டரை நாலாகப் பங்கிட்டால் ஒரு பங்கு 125 மில்லி. ஒன்பது பங்கு 1,125.

இப்போது உன் முறை. ச 3 முறை அதிரும் நேரத்தில் சுத்த மத்யமம் 4 முறை அதிரும். அதற்கு எத்தனை மில்லி ஊற்ற வேண்டும்? 890-க்குப் பக்கத்தில் வந்தால் சரி. 667 என்று வந்தால் பழைய கொல்லன் பட்டறைக்குள் மறுபடியும் நுழைந்துவிட்டாய் என்று அர்த்தம். வெளியே வந்து இன்னொரு முறை போடு. விடை வந்ததும் பாட்டிலில் ஊற்றிச் சுண்டிப் பார்.